கழிமுகத்து மருத்துவச்சாலைக்கு அரசர் இசைந்தது

திருவும் வெற்றியும் ஓங்குக. ஏழு குன்றையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், தும்மினாலும் முரசு கொட்டப்பெறும் மாட்சியுடையவருமான வெண்கோட்டரசர் நெடுங்கோமான் திருவாய்மொழிந்தபடி, முதலமைச்சன் அரையன் சேந்தன் கழிமுகத்து ஊர்த்தலைவர் பொற்காரியாருக்கு விடுக்கும் ஓலை. உம் உப்பளமும் ஓடங்களும், எஞ்சியிருக்கும் குடிகளும் நலமே வாழ்க. வானமும் வையமும் செவிசாய்க்கத் தக்க செய்தி ஒன்று இதனால் அறிவிக்கப்படுகிறது: உம் ஊர்க் காய்ச்சலுக்கு மருத்துவச்சாலை அமைக்க அரசர் இசைந்தருளினார்.

இசைவு பிறந்த வரலாற்றையும் நீர் அறிதல் முறை. உம் ஊர் மருத்துவன் இளநாகன் சென்ற கோடையில் தலைநகர் வந்து, காய்ச்சலில் ஊர் அழிகிறது, நோயாளரைக் கிடத்த ஒரு கூரையும் குடிக்க நன்னீரும் வேண்டும் என்று முறையிட்டான். அவையில் இருக்கை உடையோரன்றி எவரும் அங்கு வாய்திறக்கலாகாது என்பது நம் மரபாதலால், பட்டுத் தலைப்பாகையும் 'மருத்துவப் பேரரையன்' என்னும் பட்டமும் அளித்து அவனை அமர்த்தினோம். உள்ளே வந்துவிட்டால் காரியம் விரைவில் முடியும் என்று நம்பினான். பாவம், அதுவரை அவன் அவையைக் கண்டதில்லை.

அவையோர் நோயாளரைத் தொடலாகாது என்பதும் நம் மரபே. அரசர் மூச்சிழுக்கும் காற்றையல்லவா அவையோரும் இழுக்கிறார்கள். சாலைக்கு எப்பெயர் இடுவது, வாயில் எத்திசை நோக்குவது, அதில் நிறுவும் அரசர் சிலை எவ்வளவு உயரம் என்று அவை ஆய்ந்துகொண்டிருந்த காலமெல்லாம், உம் ஊரார் ஓடமேறி வந்து அரண்மனை வாயிலில் கிடந்தனர். இளநாகன் கம்பிக் கதவுக்கு உட்புறம் நிற்பான். காவலன் தழும்பன் வெளியே அவர்கள் கையைப் பிடித்து நாடி சொல்வான். வேகமா, மந்தமா என்று இளநாகன் கேட்டால், "குதிரையுமில்ல, எருமையுமில்ல சாமி, நடுவுல ஏதோ ஓடுது" என்பான். அதைக்கொண்டு மருந்து சொல்லப்பட்டது. சிலர் பிழைத்ததாகவும் கேள்வி.

ஐப்பசியில் ஒரு பிற்பகல், உப்பு வாரும் கொற்றியை அவள் கணவன் தோளில் தூக்கி வந்தான். தழும்பன் நெடுநேரம் மணிக்கட்டைப் பிடித்திருந்து, "ஒண்ணும் தெரியல சாமி. இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது" என்றான். கணவன் கதவைப் பார்த்து, "அண்ணே, நம்மூர்ல இருந்தா தொட்டிருப்பியே" என்றான். இளநாகன் கம்பிக்கிடையே கைநீட்டித் தொட்டான். தலைப்பாகையைக் கழற்றிவிட்டுத் தொட்டிருந்தால் வழக்கே எழுந்திராது. அவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. கொற்றியோ அதற்குமுன்பே போய்விட்டிருந்தாள்.

குற்றம் ஐயமற மெய்ப்பட்டது. பட்டம் பறிக்கப்பட்டு, அவன் நாட்டெல்லைக்கு அப்பால் விடப்பட்டான். அவனுடைய விண்ணப்பத்தை மட்டும் அவை இரக்கத்துடன் அன்றே ஏற்றது. எதிர்த்துப் பேச அவன் இல்லாமையால் பெயரும் திசையும் சிலையும் ஒரே அமர்வில் முடிந்தன.

ஆகவே ஆணை: தைத்திங்களில் சாலை திறக்கப்படும். கருங்கல் மண்டபம், கிழக்கு நோக்கிய வாயில், நோயாளர் ஒருவரை எட்ட நின்று வாழ்த்தும் அரசர் சிலை. எழுந்து நிற்கக்கூடிய குடிகள் அனைவரும் திறப்பன்று வாழ்த்தொலி எழுப்புக. நாட்டில் எஞ்சிய மருத்துவர் மூவரையும் அங்கு அனுப்பக் கருதியிருந்தோம். இளநாகன் விட்ட இருக்கைக்கு மூவரும் விண்ணப்பித்தனர். அரசரின் பெருங்கருணையால் மூவரும் அவையிலேயே அமர்த்தப்பட்டனர்.

குன்றுகள் நிற்குமளவும் இவ்வாணை நிற்பதாகுக. வேங்கை முத்திரை இட்டோம். சாலையில் மருத்துவர் இல்லை.