சமயநல்லூர், ஒன்பது நாற்பது

என்னோடு சண்டை போடத் தெரியாமலே ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடித்த என் அன்பானவருக்கு,

நலமா என்று கேட்டால் பதில் வராது. ஆகவே நேராகச் செய்திக்கு வருகிறேன். உங்கள் டவுன் பஸ் செயலி சென்ற மாதம் படுத்துவிட்டது. புதிதாக வந்த போன்களில் திறந்த மறுகணமே மூடிக்கொண்டது. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, எந்த பஸ் எப்போது வரும் என்று உங்களை நம்பிக் கேட்டவர்களுக்கெல்லாம் வெறும் கறுப்புத் திரைதான்.

இந்தக் கடிதத்தை, அந்தச் செயலியைச் சேர்ந்து உருவாக்குகிறவர்கள் பேசிக்கொள்ளும் பொதுப் பக்கத்திலேயே போடுகிறேன். அவர்களும் படிக்கட்டும். அதற்குக் காரணம் இருக்கிறது.

நீங்கள் இருந்தவரை எனக்கு ஒன்று புரிந்ததே இல்லை. செயலியை இயக்கும் நிரலை ஒளித்து வைக்காமல் ஊருக்கே திறந்து வைத்தீர்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், சரியென்றால் நீங்கள் சேர்த்துக்கொள்வீர்கள். சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. பிறகு ஏன் வந்தார்கள்? எங்கே பிடித்தீர்கள் இவர்களை?

உங்கள் பழைய மின்னஞ்சல்களைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். உசிலம்பட்டியில் மாடும் மானாவாரி நிலமும் வைத்திருக்கிற பாண்டி, முதலில் உங்களுக்கு எழுதியது ஒரு வசவு. "சந்தை அன்னைக்கு பஸ்ஸு நிக்கிற எடமே வேற. அது தெரியாம எதுக்குய்யா ஒரு ஆப்பு?" என்று கேட்டிருக்கிறார். நானாக இருந்தால் மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதியிருப்பேன். நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: "நீங்கள் சொல்வதுதான் சரி, நீங்களே திருத்தித் தருவீர்களா?" சென்னையில் கணினி வேலையை விட்டு ஊர் திரும்பியவர் அவர் என்பது உங்களுக்கு அப்போது தெரியாது. பாத்திரக் கடை ரஹ்மத் வந்ததும் அப்படித்தான். திட்டியவர்களையே தேடித் தேடிச் சேர்த்திருக்கிறீர்கள்! இது சாமர்த்தியமா, அல்லது உங்களுக்கு ரோஷமே கிடையாதா?

பாண்டியிடம் தொலைபேசியில் கேட்டேன், "இதில் உங்களுக்கு என்னதான் கிடைக்கிறது?" என்று.

"ஒண்ணும் கிடைக்காதும்மா. எங்கூரு பஸ்ஸு நான் போட்ட நேரத்துக்கு வந்து நிக்கும்ல, அதப் பாக்கையில ஒரு இது."

"எது?"

"அம்புட்டுத்தாம்மா. அதுக்கு மேல சொல்லத் தெரியல."

எனக்கும் அந்த 'இது' என்னவென்று இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி நான் செய்த காரியம். திருத்தங்களை ஏற்கும் உரிமை உங்களுக்கும் எனக்கும் மட்டுமே இருந்தது. குறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று கேலி செய்துகொண்டே என்னைச் சேர்த்தீர்கள். நீங்கள் போன பிறகு ரஹ்மத் ஒரு திருத்தம் அனுப்பினார். சமயநல்லூர் நிறுத்தத்தில் காலை ஒன்பது இருபத்தைந்து என்றிருந்ததை ஒன்பது நாற்பது என்று மாற்றியிருந்தார். பஸ் நேரங்களை நீங்கள் குறித்து வைத்த நீல அட்டை நோட்டை எடுத்துப் பார்த்தேன். உங்கள் கையெழுத்தில் ஒன்பது இருபத்தைந்து என்று தெளிவாக இருந்தது. எல்லோரும் பார்க்கும் அந்தப் பக்கத்தில், "கவனக்குறைவு. பொறுப்பானவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள்" என்று எழுதித் திருப்பிவிட்டேன்.

நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் ஒவ்வொருத்தியின் தவறையும் வகுப்பு முழுவதும் கேட்க வாசிப்பார். அதுதான் திருத்தும் முறை என்று இத்தனை வயது வரை நம்பியிருந்தேன்.

ரஹ்மத் அதோடு அந்தப் பக்கத்துக்கே வரவில்லை. செயலி படுத்தபோது பாண்டி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "புது போன்ல ஓட வைக்கிற பகுதி ரஹ்மத்துக்கு மட்டுந்தாம்மா தெரியும். எனக்குப் பிடிபட வருஷமாகும். அதுக்குள்ள சனம் இத மறந்துரும்."

நம் ஊரில் மனஸ்தாபம் என்றால் என்ன செய்வோம்? தட்டில் பழமும் பூவும் வைத்து வீட்டுக்குப் போவோம். நானும் போனேன். பழைய நகரத்தில் கடைக்கு மேலேயே வீடு. ரஹ்மத் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டார். அவர் மனைவி டீ கொடுத்தார். குடும்பம், வியாபாரம், வெயில் எல்லாம் பேசினோம். கடைசியில் நான், "மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றேன்.

"நீங்க பெரியவங்க, வீடு தேடி வந்திருக்கீங்க. எனக்கு அது போதும்மா. ஆனா அந்தப் பக்கத்த வெளிநாட்டுல இருக்குறவன்லாம் படிக்கிறான். அங்கன வச்சு வஞ்சுட்டு, இங்கன வந்து பழம் குடுத்தா அவனுக்கு எப்புடித் தெரியும்?"

"இவரு இப்படித்தாம்மா, பிடிச்சா பிடிதான்" என்று மனைவி இடையில் வந்தார். "நான் சொல்லியே கேக்கல, நீங்க சொல்லியா கேக்கப் போறாரு?"

ரஹ்மத் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நான் ஏறிப் போயிப் பாத்துட்டுத்தான் போட்டேன். நீங்க பாத்தீங்களாம்மா?"

நான் பார்க்கவில்லை. உங்கள் நோட்டைத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை சமயநல்லூர் போய் நின்றேன். ஒன்பது இருபத்தைந்துக்கு ஒரு வண்டியும் இல்லை. ஒன்பது நாற்பதுக்கு வந்தது. ஒரு நாள் தற்செயலாக இருக்கலாம் என்று இரண்டாம் நாளும் போனேன். மூன்றாம் நாளும் போனேன். கண்டக்டர் என்னைப் பார்த்தவுடனே, "என்னம்மா, தெனம் ஏறி அடுத்த ஸ்டாப்புல எறங்குறீக? எதும் நேத்திக்கடனா?" என்றார்.

"முன்பு இது ஒன்பது இருபத்தைந்துக்கு வரும் இல்லையா?"

"அத மாத்தி ஆறேழு மாசமாச்சேம்மா. எந்தக் காலத்துல இருக்கீக?"

பேருந்து முழுவதும் சிரித்தது. நீங்கள் போய்ப் பத்து மாதம். நீங்கள் எழுதியபோது அது சரியாகத்தான் இருந்தது. நீங்கள் போன பிறகு மாறியிருக்கிறது. அதைச் சொல்ல வந்தவரைத்தான் நான் வெளியே நிறுத்தினேன். உங்கள் கையெழுத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உங்கள் செயலியைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை, வைத அதே இடத்தில், அதற்குக் கீழேயே எழுதினேன்: "ரஹ்மத் சொன்ன நேரம் சரி. நான் போய்ப் பார்க்காமலே அவரைக் குறை சொன்னேன். தவறு என்னுடையது. எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." எழுதியது சில வரிதான். அனுப்ப எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்காதீர்கள். யாரிடமும், உங்களிடமும்கூட, நான் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள், புதிய போன்களுக்கான திருத்தத்தை ரஹ்மத் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குறிப்பு: "சமயநல்லூர் இன்னும் நிலுவையில் இருக்கிறது, அம்மா."

முதலில் போன் திருத்தத்தை ஏற்றேன்; செயலி மறுபடி எழுந்தது. பிறகு அந்தச் சமயநல்லூர் திருத்தத்தைத் திறந்தேன். திரையில் உங்கள் வரி சிவப்பில் இருந்தது, அது போகப்போகிறது என்று அர்த்தம். அதன் கீழே அவருடைய வரி பச்சையில் இருந்தது. பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு பாண்டிக்குப் போன் போட்டேன். "அவர் எழுதியது அழிந்துவிடுமா?"

"அழியாதும்மா. வரலாறுன்னு ஒண்ணு இருக்கு. சார் பேரோட, தேதியோட பின்னாடி அப்படியே கெடக்கும். ஆனா பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு இன்னைக்கு நேரந்தானம்மா வேணும்?"

அழுத்திவிட்டேன். உங்கள் வரியை என் கையாலேயே எடுத்துவிட்டேன். கோபமில்லையே?

ஏற்கும் உரிமையை ரஹ்மத்துக்கும் பாண்டிக்கும் கொடுத்துவிட்டேன். நானும் இருக்கிறேன். ஒரு வாக்குத் தருகிறேன்: இனி யார் அனுப்பும் நேரத்தையும், அந்த நிறுத்தத்தில் நின்று பார்க்காமல் தவறென்று சொல்ல மாட்டேன். முழங்கால் ஒத்துழைக்கும் வரை.

இப்படிக்கு,
உங்களைத் திருத்தித் திருத்தியே நேசித்த மனைவி,
லீலாவதி