பஸ்ஸில் போன கிணற்றுத் தண்ணீர்

சூளூர்பேட்டை
1.12.2024

தரணி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்கள் மீன்களும் நலமாகத்தான் இருக்கும்.

போன் செய்யாதீர்கள். போனில் நான் கல்யாணத்தைச் சொல்வேன், நீங்கள் மீனைச் சொல்வீர்கள், இரண்டு பேருக்கும் தொண்டைதான் வலிக்கும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

எனக்கு இருப்பது ஒரே தம்பி. ஸ்ரீஹரியின் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மழை பெய்ததாம். அந்தக் குளிர்ச்சிக்கு உங்கள் கோரிடோராஸ் கெளுத்தி மீன் முட்டையிட ஆரம்பித்ததாம். கண்ணாடியில் ஒட்டிய முட்டையை உடனே எடுக்காவிட்டால் பெற்ற மீனே தின்றுவிடுமாம். அதனால் வீட்டு மாப்பிள்ளை வரவில்லையாம். இதை மண்டபத்தில் யாரிடம் சொல்வது? உங்களுக்குக் காய்ச்சல் என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே உடம்பு சுட்டது. நாத்தனாராக மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எல்லோருக்கும் பக்கத்தில் ஆள் இருக்கிறது. குடும்பப் போட்டோவில் என் பக்கத்தில் ஸ்டாண்டு ஃபேன் நிற்கிறது.

அதனால்தான் மறுநாள் நம் வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டினேன். உங்கள் தொட்டியில் வேர் விட்டிருந்த என் மணிபிளாண்டைக்கூடப் பிடுங்கி, பாட்டிலில் அந்தத் தண்ணீரோடு கொண்டுவந்துவிட்டேன். என் புடவை நிறத்துக்குத் தேடி எடுத்த உங்கள் சட்டை மட்டும் பீரோவில் இருக்கிறது. மடிப்புக் கலையவில்லை.

ஏழுமலை அண்ணன் கண்டக்டராகப் போகும் பஸ்ஸில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதே பஸ்ஸில் என் தையல் மிஷினை அனுப்பிவையுங்கள். இனி இங்கேயே தைத்துக்கொள்கிறேன்.

ரூபா

*

விஜயபுரம்
2.12.2024

அன்புள்ள ரூபாவுக்கு,

‘அவர்களுக்கு’ என்று பார்த்ததும் கரண்ட் ஆபீஸ் கடிதமோ என்று பயந்துவிட்டேன். அதுவாகவே இருந்திருக்கலாம்.

நான் செய்தது தப்பு. இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. நீ வந்து பெட்டி கட்டியபோது ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கவேண்டுமானால் சிரித்துக்கொள். எந்த முட்டைக்காகக் கல்யாணத்தைக் கோட்டைவிட்டேனோ, அத்தனையும் பூஞ்சை பிடித்து வெள்ளைவெளேரென்று போய்விட்டது. ஒன்றுகூடப் பொரியவில்லை.

மிஷினைப் பற்றி ஏழுமலை அண்ணனிடம் கேட்டேன். “அத்த மட்டும் ஏத்தமாட்டேம்ப்பா. மிஷினு போய்ச்சுன்னா அந்தப் பொண்ணு திரும்பி வராது” என்று விசிலை ஊதிவிட்டுப் போய்விட்டார். நான் என்ன செய்ய?

உன்
தரணி

*

சூளூர்பேட்டை
4.12.2024

மீன்காரருக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

மணிபிளாண்ட் பாட்டிலில் என்னவோ நெளிகிறது. அம்மா கொசுப் புழு என்று சாக்கடையில் கொட்டப் போனாள். நான் பிடுங்கி வெயிலில் பார்த்தேன். தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, கண்ணும் வாலும் மட்டும் தெரிகிறது. கொசுப் புழுவுக்கு மீசை ஏது? இவற்றுக்கு இருக்கிறது.

இவை என்ன தின்னும்? எந்தத் தண்ணீரை ஊற்றுவது? எங்கள் போர் தண்ணீர் உங்களுக்கே தெரியும், சோப்பு நுரைக்காத உப்பு. சீக்கிரம் பதில் போடுங்கள். உங்கள்மேல் இருக்கும் கோபத்தை இதுகளிடம் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

ரூபா

*

விஜயபுரம்
5.12.2024

என் அன்பு ரூபாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் படித்துவிட்டுக் கத்திவிட்டேன். எரிந்துபோன மோட்டாரை ரிப்பேருக்குக் கொண்டுவந்த பாஸ்கர், எனக்கு ஷாக் அடித்துவிட்டது என்று ஓடிப்போய் மெயினை நிறுத்திவிட்டார். தெருவையே இருட்டாக்காமல் கடையோடு விட்டாரே, அதுவரை புண்ணியம்.

கோரிடோராஸ் வேரிலும் முட்டையை ஒட்டும். நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்து, வேரைப் பார்க்கவில்லை. நான் பொத்திப்பொத்தி எடுத்தவை எல்லாம் போயின. நீ கோபத்தில் பிடுங்கிக்கொண்டு போனது பிழைத்துவிட்டது.

உப்புத் தண்ணீர் இந்தக் கெளுத்திக் குஞ்சுகளுக்கு ஆகாது. ஏழுமலை அண்ணனிடம் நம் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் அனுப்புகிறேன், தினமும் வரும். அகலமான டப்பில், விரல் உயரத்துக்கு மட்டும் ஊற்று. கூடவே வரும் தயிர் டப்பாவில் இருப்பது அதுகளுக்குத் தீனி, ஓட்ஸ் கூழில் வளர்த்த நூல் புழு. ஓரத்தில் ஏறி நிற்பதை விரலால் வழித்து ஒரு சிட்டிகை போடு. மிச்சம் நின்றால் தண்ணீர் நாறும், சிரிஞ்சால் உறிஞ்சிவிடு.

“இன்னாப்பா, தண்ணிய பஸ்சுல அனுப்பிக்கினு கீற? நீ வந்தா ஏறவேணாம்னு சொல்லிடப்போறனா?” என்று அண்ணன் கேட்டார். கேனை ஏற்றிவிட்டு இறங்கிவிட்டேன்.

நீ சாப்பிடுகிறாயா? அதையும் எழுது.

உன்
தரணி

*

சூளூர்பேட்டை
6.1.2025

மாமாவுக்கு,

சாப்பிடுகிறேன். போன மாதம் கேட்டதற்கு இப்போதாவது முதல் வரியிலேயே பதில் சொல்லிவிட்டேன்.

உங்கள் தயிர் டப்பாவைப் புளித்த மாவு என்று அம்மா தோசைக்கல்லுக்குக் கொண்டுபோனதை உங்களுக்குச் சொல்லவில்லையே. கரண்டியை விட்டவள், “அடியே ரூபா, மாவு நடந்து போய்க்கினு கீதுடி!” என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு லட்சுமம்மா ஓடிவந்துவிட்டாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் தோசை இல்லை, உப்புமாதான். ஸ்ரீஹரியின் பெண்டாட்டி பிரியங்கா பாவம், புதுப்பெண், வாய் திறக்காமல் தின்கிறாள்.

மீசைக்காரர்கள் வளர்ந்துவிட்டார்கள். கும்பலாக மண்ணைக் கிளறுகிறார்கள். திடீரென்று ஒருவன் மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே வருகிறான். கண்ணை வேறு சிமிட்டுகிறார்கள்! அம்மா, “இத்த பாருடி, என்னியப் பார்த்துக் கண்ணடிக்குது” என்று காலையில் முதல் வேலையாக டப்பின் எதிரே உட்கார்ந்துவிடுகிறாள்.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். தினமும் கேன் வருகிறது. கூடவே சீட்டு வருகிறது, புழு பற்றி, அழுக்கு பற்றி. கேனுக்கு பஸ்ஸில் இடம் கிடைக்கிறது, உங்களுக்குக் கிடைக்கவில்லை. மீனை வளர்ப்பதில் எனக்கு இப்போது கோபமே இல்லை மாமா. ஆனால் மழை வந்தால் நான் இரண்டாவது ஆள் என்பது இன்னும் வலிக்கிறது.

பிரியங்கா வந்த பிறகு முதல் பொங்கல். அன்று காலை ஸ்டுடியோ சுரேஷ்பாபு வந்து குடும்பப் போட்டோவை மறுபடி எடுக்கிறார். நான் ஃபேனை நகர்த்தி வைக்கிறேன். அந்த இடத்துக்கு வருவதானால் வாருங்கள். வரவில்லை என்றால் மிஷினை ஒரு லாரியில் போட்டு அனுப்பிவிடுங்கள். மூன்றாம் முறை கேட்கமாட்டேன்.

ரூபா

*

ஏழுமலை அண்ணன் பஸ்ஸிலிருந்து
14.1.2025, பொங்கல்

அன்புள்ள ரூபாவுக்கு,

பஸ் ஆடுவதால் எழுத்தும் ஆடுகிறது. மடியில் கேன் வேறு. நான் வாயைத் திறந்தால் மீனுக்குப் போய்விடுவேன் என்று நீ சொல்வது நிஜம். ஆகவே சொல்லவேண்டியதை எல்லாம் இதிலேயே எழுதித் தீர்த்துவிட்டு, மீனை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருகிறேன்.

நேற்று ராத்திரி மழை. காலம் தப்பிய மழை, அறுத்துப் போட்டவர்கள் எல்லாம் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். காலையில் விளக்கைப் போட்டால், தொட்டியில் தாய் மீன் வயிற்றுத் துடுப்பைக் கூப்பி அதில் முட்டையை ஏந்திக்கொண்டு, ஒட்ட இடம் தேடி அலைகிறது. நானும் பீரோவில் இருந்த அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் எதிரே நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன், பொய் சொல்லமாட்டேன்.

பிறகு விளக்கை அணைத்தேன். தின்றால் தின்னட்டும். சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினேன். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்து, “முழு டிக்கெட்டா?” என்றார்.

தடா தாண்டிவிட்டது, அடுத்தது உங்கள் ஊர்தான். மிஷினைக் கொண்டுவரவில்லை.

உன்
தரணி

*

சூளூர்பேட்டை
17.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கல் முழுக்க நீங்கள் மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடக்கி அடக்கி முகமே உப்பிப்போய், அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாப்ளைக்கு வயித்து வலியாடி?” என்று கேட்டாள். கடைசியில் நானே கையைப் பிடித்து டப்பின் முன்னால் உட்காரவைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நீங்கள் நிறுத்தவே இல்லை.

போட்டோ வந்துவிட்டது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நீங்கள் மட்டும் ஜன்னலோரம் இருக்கும் டப்பைப் பார்க்கிறீர்கள். சுரேஷ்பாபு இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். உங்கள் கை என் தோளில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம், நானும் மீசைக்காரர்களும். அம்மா இரண்டு பேரைக் கொடுக்கமாட்டேன் என்று பிடித்துவைத்துக்கொண்டாள். அவர்களுக்கு இனி தண்ணீர் அனுப்புவது உங்கள் பாடு.

மிஷின் துரு ஏறியிருக்கும். எண்ணெய் போட்டு வையுங்கள்.

உங்கள்
ரூபா