லாமாரின் கிண்ணம்

லாங்காஸ்டர் கவுண்டி, பென்சில்வேனியா
அக்டோபர் 7, 1974

ஜோலீனுக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் நான்கு வீட்டுக்கும் ஒரே லைன், யார் எடுத்தாலும் நாம் பேசுவது கேட்கும். நம் சண்டை இரவுக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

சனிக்கிழமை உனக்கு எப்படி மனம் வந்தது? அறுவடை முடிந்ததும் நம் வீட்டில் ஆப்பிள் டம்ப்ளிங் செய்தால், ஆளுக்கு ஒன்றுதான். முழு ஆப்பிளைத் தோல் சீவி, நடுவைக் குடைந்து, மாவில் பொதிந்து, அதில் யாருடையது எது என்று நினைத்து நினைத்துத்தான் அடுப்பில் வைக்கிறேன். உலர்திராட்சை போட்டது லாமாருடையது. டிராக்டர் கவிழ்ந்து என் பிள்ளை போய் மூன்று வருடம் ஆனாலும் அது அவனுடையதுதான். அதைத் தூக்கி அந்த ஆள் முன்னால் வைத்தாயே! அவரும், "எனக்கு மட்டும் திராட்சையா? ரொம்ப நன்றிங்க" என்கிறார். என் முகத்தை நீ பார்க்கவே இல்லையா?

வெர்னா

ரீடிங்
அக்டோபர் 10

அன்புள்ள அத்தைக்கு,

பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எடுத்து வைத்தேன்.

நெல்சனை அழைத்து வருகிறேன் என்று பத்து நாள் முன்பே சொன்னேன். நீங்களும் சரி என்றீர்கள். வந்து உட்கார்ந்தால் ஆறு கிண்ணம், ஆறு ஆட்கள். மாமா, நீங்கள், நான், டீனா, கர்ட் என்று ஐந்து கிண்ணத்தில் டம்ப்ளிங் வைத்துப் பாலும் ஊற்றிவிட்டீர்கள். அவர் கிண்ணம் காலி. ஆறாவது டம்ப்ளிங் அடுப்புத் தட்டிலேயே இருக்கிறது! பாவம், அவர் மேரிலாந்துக்காரர். இது கடைசியில் சாப்பிடும் இனிப்பு, முதலில் கறி வரும் என்று நினைத்துக் காத்திருந்தார். நம் வீட்டில் அன்றைக்கு அதுதான் இரவுச் சாப்பாடே என்று நான் எப்படிச் சொல்வேன்? உயிரோடு ஒரு மனிதர் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது, இல்லாதவருக்கு எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

காரில் டீனா கேட்டாள்: "ஏம்மா, பாட்டி நெல்சனுக்கு வெறும் கிண்ணத்த வச்சாங்க? அவர பிடிக்கலையா?" நீங்களே பதில் சொல்லுங்கள்.

ஜோலீன்

லாங்காஸ்டர் கவுண்டி
அக்டோபர் 15

ஜோலீனுக்கு,

என் அடுப்புத் தட்டில் ஆறுதான் பிடிக்கும். அதை நீயும் அறிவாய். வேண்டுமென்றே செய்யவில்லை.

இல்லாதவர் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு இல்லாதவர். எனக்கு அப்படி இல்லை. உன் மாமா எல்மர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு சொல்றதுல என்ன தப்பு? இன்னொரு தட்டு எடுக்க ஒனக்குக் கை வலிச்சுதா?" என்றார். அவரோடும் இரண்டு நாளாகப் பேச்சில்லை.

வெர்னா

ரீடிங்
அக்டோபர் 18

அத்தைக்கு,

உங்கள் அலமாரியில் மூன்று தட்டுகள் இருக்கின்றன. கழுவி அடுக்கியவள் நான்.

எனக்கு இல்லாதவரா? கர்ட் நடக்கக்கூடத் தொடங்கவில்லை, என் கணவரைக் குழியில் இறக்கினார்கள். நீங்கள் ஒரு மகனுக்காக அழுதீர்கள், ஊரே உங்களைத் தாங்கியது. நான் அழுதால், குழந்தைகளைப் பார் என்றீர்கள். பார்த்தேன். மூன்று வருடம் தனியாகப் பார்த்தேன். இனிமேல் ஒருவர் கூட இருந்து பார்க்கிறேன் என்கிறார். அதில் எனக்கு வெட்கமில்லை.

நவம்பர் ஒன்பதாம் தேதி திருமணம். நீங்களும் மாமாவும் வந்தால் முன் வரிசையில் உட்காருவீர்கள். வராவிட்டாலும் நடக்கும். ஆனால் அவருக்குச் சாப்பாடு போடாத வீட்டுக்கு என் பிள்ளைகளை இனி அனுப்ப மாட்டேன். மிரட்டல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜோலீன்

லாங்காஸ்டர் கவுண்டி
அக்டோபர் 25

ஜோலீனுக்கு,

மிரட்டல்தான். படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு நான்கு நாள் கழித்துத்தான் பேனாவை எடுக்கிறேன்.

தட்டு மூன்று இருக்கிறது. வேண்டுமென்றேதான் செய்தேன். காலிக் கிண்ணத்தைப் பார்த்து அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

ஒன்று சொல்கிறேன், எல்மரிடம்கூடச் சொல்லாதது. இந்த மூன்று வருடமும் லாமாரின் டம்ப்ளிங்கை யாரும் தொட்டதில்லை. நீங்கள் போனபின் அது மேசையில் அவன் கிண்ணத்திலேயே பாலில் ஊறி நைந்து கிடக்கும். மறுநாள் காலையில் கோழிகளுக்குப் போடுவேன். போட்டுவிட்டு அங்கேயே நின்று அழுவேன். அன்றைக்கு அந்த மனிதர் முழுதும் சாப்பிட்டு, கிண்ணத்தைத் தூக்கி அடியில் இருந்த பாலையும் குடித்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. என் பிள்ளையுடையதை வேறொருவன் சாப்பிடுகிறான், எனக்குச் சந்தோஷம்! நான் என்ன தாய்? அந்த ஆத்திரத்தைத்தான் உன் மேல் கொட்டினேன்.

மறுநாள் கோழிகளுக்குப் போட ஒன்றும் இல்லை. கூடு வரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணாதே. உன் கடிதத்தில் ஒரு வரியையும் நான் மறக்கப்போவதில்லை. ஒன்பதாம் தேதி நாங்கள் வருகிறோம். டீனாவிடம், பாட்டி செய்தது தப்பு என்று நானே சொல்லிக்கொள்கிறேன், நீ சொல்லாதே. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாளாகும். அவசரப்படுத்தாதே.

உன் அத்தை
வெர்னா