ஒரு சீட்டும் சிதறாத ஊர்

விலாகொல்லு
செப்டம்பர் 21

அன்புள்ள தங்கை தொமிங்காவுக்கு,

அண்ணன் செனோன் எழுதுவது. நானும் உன் அண்ணி பசிலியாவும் சுகம். மந்தையில் ஒரு லாமா நொண்டுகிறது, மற்றபடி வீட்டில் குறை ஒன்றும் இல்லை. எல் ஆல்தோ சந்தைக் குளிரில் நீ இருமிக்கொண்டே வியாபாரம் பார்ப்பதாக மினிபஸ் ரூஃபோ சொன்னான். கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள். போனில் பேசலாம்தான். ஆனால் குன்றின் மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிறது, அங்கே எப்போதும் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால்தான் ரூஃபோ கையில் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் ஜனாதிபதி தேர்தல். ஊர்க்கூட்டம் காலையில் உட்கார்ந்து பொழுது சாயும்போதுதான் எழுந்தது. வல்திவியேசோவா, ஓச்சோவா அம்மாளா என்பதுதான் பேச்சு. மற்ற வேட்பாளர்களுக்கு அவரவர் வீட்டிலேயே ஓட்டு விழாது. வல்திவியேசோ யோக்கியன் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஓச்சோவா அம்மாள் நன்றாகப் பேசுகிறாள், ஆனால் அவளுடைய பால் கம்பெனி லாரி நம் பெண்களிடம் பாலை எப்படி அளக்கிறது என்று உனக்கே தெரியும். கடைசியில் கிழவன் காசிமிரோ எழுந்து, "ரெண்டு பேரும் திருடங்கதான்யா. ஒருத்தன் குழாயக் குடுத்துட்டுத் திருடுறான், இன்னொருத்தி ஒண்ணும் குடுக்காமத் திருடுவா. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டோம். அதோடு முடிவும் ஆகிவிட்டது.

வல்திவியேசோ தருவதாகச் சொன்ன பாசனக் குழாய் பாதி வந்து வயலோரம் கிடக்கிறது. மீதிக் குழாயும் தண்ணீர்த் தொட்டியும் தேர்தலுக்குப் பிறகு. வல்திவியேசோவின் இன்ஜினியர் வந்து, "பள்ளிக்கூடக் கதவுல எண்ணிக்கை ஒட்டுவீங்கல்ல, அதப் பார்த்துட்டுத்தான் மீதி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் ஊரில் இருப்பது ஒரே ஒரு ஓட்டு மேசை. யாரும் கூட்டத்தில் கலந்து தப்பிக்க முடியாது. ஒரு சீட்டும் சிதறக்கூடாது என்று ஊர் தீர்மானம்.

நகரத்தில் இருப்பவர்களும் வந்து இங்கேதான் போட வேண்டும். ஊர் வேலைக்கும் திருவிழாவுக்கும் ஓட்டுக்கும் வராதவருக்கு நிலம் இல்லை என்ற விதி உனக்குத் தெரியாததல்ல. அம்மா உனக்கு விட்டுப்போன உருளைக்கிழங்கு வயலை நான் என் வயலைப் போலத்தான் பார்த்துக்கொள்கிறேன். அது கைவிட்டுப் போக நான் விடமாட்டேன். இன்னொன்று. குலுக்கலில் என் பெயர் விழுந்து மேசைத் தலைவராகிவிட்டேன். சீட்டுகளைப் பிரித்துச் சத்தமாக வாசிக்கப்போவது நான். என் மானத்தை வாங்கிவிடாதே.

உன் அண்ணன்
செனோன்

---

எல் ஆல்தோ
செப்டம்பர் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. அண்ணி கொடுத்தனுப்பிய சுன்யோ கிழங்கும் உப்புக்கண்டமும் வந்து சேர்ந்தன. அண்ணி கை பட்டால் காய்ந்த கிழங்குக்கும் ருசி வந்துவிடுகிறது. சொல்லிவிடு.

வல்திவியேசோ கவர்னராக இருந்தபோது எங்கள் சந்தை வரிசையில் புல்டோசர் விட்டதை மறந்துவிட்டாயா அண்ணா? என் கடை, தகரக் கூரை, தராசு, நான் உட்கார்ந்திருந்த பலகை எல்லாம் அதன் அடியில் போயின. இன்றுவரை தரையில் பாய் விரித்துத்தான் விற்கிறேன். அந்த ஆள் பெயருக்கு நேரே என் கையால் கோடு போடச் சொல்கிறாய். ஓச்சோவாவை நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. இங்கே அவளுடைய பாக்கெட் பாலில் பாதி தண்ணீர். ஆனால் அவள் என் கூரையை இடிக்கவில்லை.

வருகிறேன். போடச் சொன்னவருக்கே போடுகிறேன். குழாய்க்காக இல்லை, ஊருக்காகவும் இல்லை. மேசையில் நீ நிற்பாய், அதற்காக.

உன் தங்கை
தொமிங்கா

---

விலாகொல்லு
அக்டோபர் 14

தொமிங்காவுக்கு,

நீ கிளம்பிய பிறகு இங்கே யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எண்ணிக்கையை நீயும் பார்த்தாய். ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினேன். "வல்திவியேசோ, வல்திவியேசோ" என்று வாசித்தே தொண்டை வறண்டது. பாதிக்கு மேல் போனபோது அந்த ஒன்று வந்தது. ஓச்சோவா. ஒரே ஒரு சீட்டு. என் குரல் தடுமாறியதை எல்லோரும் கவனித்தார்கள்.

மறுநாள் இன்ஜினியர் வந்து கதவில் ஒட்டிய தாளை விரலால் தொட்டுப் பார்த்தார். "இந்த ஒருத்தர் யாருங்க? குழாய் வேணாம்னு சொல்ற ஆளு?" என்று சிரித்தார். ஊர்த்தலைவருக்கு முகம் செத்துவிட்டது. யாருக்கும் பாதி ஓட்டு கிடைக்காததால் டிசம்பரில் வல்திவியேசோவும் ஓச்சோவாவும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். "அடுத்த சுற்றில் பார்ப்போம்" என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார்.

நகரத்து ஆள்தான் செய்திருக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு. புல்டோசர் கதை எல்லோருக்கும் தெரியும். நீ மறுநாள் விடியும் முன்பே, கஞ்சி கூடக் குடிக்காமல், முதல் மினிபஸ்ஸில் ஏறியதையும் எல்லோரும் பார்த்தார்கள். நான் கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் கேட்கிறேன். நீயா?

செனோன்

---

எல் ஆல்தோ
அக்டோபர் 20

அண்ணாவுக்கு,

நான் இல்லை.

மறைப்புக்குப் பின்னால் நின்று சீட்டைப் பிரித்தேன். அந்த ஆளின் படத்தைப் பார்த்ததும் தகரம் நசுங்கிய சத்தம் காதில் கேட்டது. இருந்தாலும் உனக்குக் கொடுத்த வாக்குக்காகப் போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தேன். விடியும் முன்பே கிளம்பியது அந்த வெட்கத்தால்தான், குற்றத்தால் இல்லை. வேறு எதற்காகவும் எவனுக்காகவும் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன். அதைச் செய்தவளிடம் போய் நீயா என்று கேட்கிறாயே. ரகசிய ஓட்டு என்கிறார்கள். நல்லது செய்தவளுக்கும் அதை நிரூபிக்க வழியில்லாத ரகசியம்.

நகரத்து ஆள் என்று ஏன் முடிவு கட்டினீர்கள்? வாய்ச் சவடால் அடிக்கும் காசிமிரோ சிரித்துக்கொண்டே செய்திருக்கலாம். குழாய் தன் வயல் பக்கம் வராது என்று கோபத்தில் இருக்கும் ஊர்த்தலைவரின் மைத்துனன் செய்திருக்கலாம். அண்ணியிடம் கேட்டாயா? பால் லாரிக்காகத் தினமும் ரோட்டோரம் நிற்பவள் அவள்தானே. விளையாட்டுக்குச் சொல்கிறேன். ஆனால் விளையாட்டுக்குக்கூட உங்களுக்கு வீட்டுக்குள் பார்க்கத் தோன்றவில்லை, பார்.

உன் கடிதத்தின் உறை ஓரம் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. நீ அப்படி ஒட்டினாயா, இல்லை வழியில் யாராவது படித்தார்களா? இதையும் படிப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நான் இல்லை.

தொமிங்கா

---

விலாகொல்லு
நவம்பர் 9

தொமிங்காவுக்கு,

உறையை நான் ஒட்டியபடியேதான் கொடுத்தேன். ரூஃபோவைக் கேட்டேன். "நான் வண்டி ஓட்டுவனா, லெட்டர் படிப்பனா?" என்றான். ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. இப்போது யார்தான் கண்ணைப் பார்க்கிறார்கள்.

பசிலியாவை இதில் இழுக்காதே. இருபது வருஷம் என்னோடு வாழ்ந்தவள். அவளிடம் போய் இதைக் கேட்பதற்கு நான் என்ன போலீஸா?

மறுபடி கூட்டம் போட்டார்கள். நகரத்துக்காரர்களின் வயல்களுக்கு டிசம்பர் வரை தண்ணீர் முறை இல்லை என்று தீர்மானம். நான் எதிர்த்துப் பேசினேன். "ஒங்க தங்கச்சின்னா ஒங்களுக்கு வாய் வருது, எங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தா ஒங்களுக்கு வாய் வராது" என்றார்கள். உன் வயலில் முளை வாடத் தொடங்கிவிட்டது. என் முறைத் தண்ணீரிலிருந்து யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் திருப்பிவிடுகிறேன். அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

இரண்டாம் சுற்றிலும் ஒரு சீட்டு சிதறினால் நகரத்துக்காரர்களின் நிலம் ஊருக்குப் போய்விடும் என்று ஊர்த்தலைவர் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். நானும் போட்டேன், போடாமல் இருக்க முடியவில்லை. நீ இல்லை என்கிறாய். நம்பத்தான் பார்க்கிறேன். இந்தத் தடவையாவது ஒழுங்காக இரு.

செனோன்

---

எல் ஆல்தோ
டிசம்பர் 16

அண்ணாவுக்கு,

'இந்தத் தடவையாவது.' அந்த ஒரு வார்த்தையைத்தான் மினிபஸ்ஸில் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தேன். போன தடவை உன் பேச்சைக் கேட்டுப் போட்டேன், துரோகிப் பட்டம் கிடைத்தது. எப்படியும் துரோகிதான் என்றால் என் மனசுக்குப் பிடித்ததையே செய்துவிட்டுத் துரோகியாக இருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

அதனால் இந்தத் தடவை ஓச்சோவாவுக்குப் போட்டேன். அவள் நல்லவள் என்பதால் இல்லை. இந்த நாட்டில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு கோடுதான், அதையும் மாட்டைப் போல ஓட்டிக்கொண்டு போய்ப் போட வைத்தால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? வயல் போகட்டும். அம்மாவிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் விரலில் மை வைத்துக்கொண்டேன்.

பிறகு பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். என் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள், நானும் எழுந்து நின்று நான்தான் என்று சொல்வேன் என்று தயாராக இருந்தேன். நீ வாசித்தாய். வல்திவியேசோ, வல்திவியேசோ. பெட்டி காலியாகும் வரை அதே பெயர். ஊரே கைதட்டியது. இன்ஜினியர் உன்னைக் கட்டிப்பிடித்தார். கதவில் ஓச்சோவாவுக்கு நேரே பெரிய சைபர் ஒட்டினீர்கள்.

முதல் சுற்றில் சீட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாய். இந்தத் தடவை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டே வாசித்தாய். அதையும் பார்த்தேன்.

என் ஓட்டு எங்கே அண்ணா? என்னைக் காப்பாற்றத்தான் செய்தாய் என்றால் அழுதுவிடுவேன். ஆனாலும் கேட்கிறேன். முன்பு புல்டோசர் கடையைத் தின்றது. இதை நீ தின்றாய். இரண்டில் எது அதிகமாக வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. பதில் எழுது. ரூஃபோவிடம் கொடுக்காதே, யாராவது நேரில் வருபவர்களிடம் கொடுத்தனுப்பு.

தொமிங்கா

---

விலாகொல்லு
ஜனவரி 4

என் தங்கை தொமிங்காவுக்கு,

இதைக் கொண்டுவருபவர் பாதிரியார். அவர் படித்தாலும் சொல்லமாட்டார்.

ஆமாம், மாற்றித்தான் வாசித்தேன். முதல் ஓச்சோவா சீட்டு கைக்கு வந்ததும் அது நீதான் என்று தெரிந்துவிட்டதாக நினைத்தேன். உன் வயல் கண்ணில் வந்து நின்றது. வாய் தானாக வல்திவியேசோ என்றது. பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்த சிமோனா சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வல்திவியேசோ பக்கமே கோடு போட்டாள்.

ஒரு சீட்டோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன். கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. பதினொன்று வந்தன தங்கச்சி. பதினொன்றையும் அதே குரலில் வாசித்தேன். அதில் உன்னுடையது எது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

கைதட்டியவர்களில், நீ போக, பத்துப் பேர் பொய்யாகக் கைதட்டினார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் திருடன் என்று தெரியும். தன் ஓட்டைத்தான் திருடினேன், தன்னுடையது ஒன்றுதான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாய் திறந்தால் தாங்களே மாட்டிக்கொள்வார்கள். வழியில் காசிமிரோ என்னைக் கண்டால் ஜோக் அடிப்பதில்லை. ஊர்த்தலைவர்கூட நான் வந்தால் பேச்சை மாற்றுகிறார். எழுதிக் கேட்டவள் நீ ஒருத்திதான்.

நாட்டில் ஓச்சோவா ஜெயித்துவிட்டாள் என்று ரேடியோவில் கேட்டிருப்பாய். மீதிக் குழாய் வராது. அவளுடைய ஆட்கள் வந்தார்கள். கதவில் இன்னும் கிழியாமல் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, "நூத்துச் சொச்சம் பேர்ல எங்கம்மாவுக்கு ஒருத்தர்கூட இல்லையா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். அந்தப் பத்துப் பேரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். நானும் நின்றேன்.

உன் தண்ணீர் முறை திரும்பக் கிடைத்துவிட்டது. முளை பிழைத்துக்கொள்ளும். முதல் சுற்றில் உன்னைச் சந்தேகப்பட்டதற்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. அறுவடைக்கு வா, அப்போது நேரில் திட்டு.

அண்ணியிடம் கேட்டாயா என்று நீ விளையாட்டுக்கு எழுதியதை நான் மறக்கவில்லை. இரண்டாம் சுற்று ஓட்டு எண்ணிய அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பசிலியா என் முகத்தைப் பார்ப்பதில்லை. சூப்புக் கிண்ணத்தை என் முன்னால் வைக்கிறாள், உப்பு போதுமா என்று சுவரிடம் கேட்கிறாள். போதும் என்று நானும் கிண்ணத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

உன் அண்ணன்
செனோன்