விடுக்கா

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

பெரிய பாலம் ஆற்றுக்குள் விழுந்த வருஷம். வால்நட்சத்திரம் தெரிகிறது என்று ஊரே மொட்டைமாடியில் கழுத்து வலிக்க நின்ற வருஷம். தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, சாவுச் செய்தியெல்லாம் அடக்கம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த வருஷம். எனக்காக எழுதுகிற கீழ்வீட்டுத் தையல்காரர், "அது எந்த வருஷம்யா, நம்பரைச் சொல்லும்" என்கிறார். நம்பர் எனக்குத் தெரியாது. உனக்கு வேண்டியதும் இல்லை. உன் அக்கா போன வருஷம்.

போன வாரம் தையல்காரர் வீட்டு டிவியில் உன்னைப் பார்த்தேன். கோட்டு நன்றாகத்தான் இருந்தது. பூங்கா வாசலில் பையைப் பார்க்கிற மெஷின், மோப்ப நாய், முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிற கேமரா எல்லாம் காட்டினார்கள். மைக்கை நீட்டிய பெண், "முன்னாடி ஒரு விபத்து நடந்துச்சே சார்" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "அது மனிதத் தவறு. இன்றைக்கு அதற்கு வாய்ப்பே இல்லை" என்றாய்.

ஜெயிலில் என்னை 'ராட்டினம்' என்றார்கள். 'பெண்டாட்டியைச் சுத்திவிட்டவன்' என்றார்கள். மனிதத் தவறு என்பதுதான் கேட்க மரியாதையாக இருக்கிறது.

நீ மறந்திருந்தால் என் ஞாபகத்தை வாங்கிக்கொள். சங்கிலி ராட்டினத்தில் லீவர் என் கையில். மேடையில் ஒவ்வொரு நாற்காலியாகக் கம்பியை இழுத்துக் கொக்கி போடுவது உன் வேலை. நீ மணியடித்தால்தான் நான் லீவரை எடுக்க வேண்டும் என்பது சட்டம். மணி ரிப்பேராகி மாசக்கணக்கில் கிடந்தது. அதனால் நீ "விடு" என்பாய், நான் விடுவேன். அன்றைக்கு உன் அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். "ஒரே ஒரு சுத்து சுத்திட்டுப் போறேன்" என்று ஏறி உட்கார்ந்தாள். என் மகள் மேடைப் படியில் உன் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, இந்தக் கொக்கி விழ மாட்டேங்குது."

"விடுக்கா, ஒண்ணும் ஆகாது."

அந்த 'க்கா'வை எஞ்சின் சத்தம் தின்றுவிட்டது. எனக்கு வந்தது 'விடு' மட்டும். விட்டேன்.

விசாரணையில், 'நான் வாயே திறக்கவில்லை' என்று நீ சொன்னாய். நான் உள்ளே போனேன். என் மகளை நீ எடுத்து வளர்த்தாய், படிக்க வைத்தாய். அதை மறந்தால் எனக்கு நல்ல சாவு வராது. ஆனால் வெளியே வந்த நாள் முதல் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் வாசலில் வந்து நின்றேன். கதவுக்கு அடியில் அவள் பாதம் தெரிந்தது. திறக்கவில்லை.

கோர்ட்டு வேண்டாம், டிவி வேண்டாம். அவளை உட்கார வைத்து, 'உங்கப்பா தானா விடலை, நான் சொன்னதைக் கேட்டுத்தான் விட்டார்' என்று நீ சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

உன் அத்தான்
(கைநாட்டு)

*

மார்ச் 19

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்து ரொம்பப் பொடியாக இருந்ததால் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சர்க்கரை என் கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது. டாக்டர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை.

டிவியில் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ரிட்டயர் ஆன பிறகும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், மரியாதைக்குப் போனேன். தங்களைக் குத்திக் காட்ட அல்ல. அந்த விபத்துக்குப் பிறகு நான் பாதுகாப்பு அதிகாரியாக எத்தனை மாற்றங்கள் செய்தேன் என்று தங்களுக்குத் தெரியாது. இப்போது ஒரு கம்பி சரியாக மாட்டவில்லை என்றால்கூடச் சிவப்பு விளக்கு எரியும். அக்காவுக்கு நான் செய்த அஞ்சலி என்றே அதை நினைக்கிறேன்.

அன்றைக்கு என்ன சொன்னேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆயிரம் தடவை சொல்கிற வார்த்தையில் எந்தத் தடவையை நான் ஞாபகம் வைப்பது?

தங்கள் மகள் நிம்மதியாக இருக்கிறாள். மருந்துக்கடை வேலை, விட்டால் வீடு. கல்யாணம் வேண்டாம் என்றவளை நானும் வற்புறுத்தவில்லை. ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம் அத்தான். என் மனைவியும் போன பிறகு இந்த வீட்டில் எனக்கு அவள், அவளுக்கு நான்.

என்றும் தங்கள்,
மைத்துனன்

*

ஏப்ரல் 11

மாப்பிள்ளைக்கு,

உன் அஞ்சலியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தையல்காரர் வீட்டில் எல்லோரும் பூங்காவுக்குக் கிளம்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

வாசலில் என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டார்கள். நகவெட்டியையும் வாங்கிக்கொண்டார்கள். இடுப்பைத் தடவினான் ஒருத்தன். "தம்பி, அங்க எலும்புதான் இருக்கு" என்றேன், சிரிக்கவில்லை. நாய் என்னை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. தையல்காரர், "நல்லா எழுதச் சொல்றீரே இதை" என்கிறார். எழுதும்.

உள்ளே போனால், நம் ராட்டினம் இருந்த அதே இடத்தில் புதுசு. பக்கத்தில் ஒரு போர்டு. தையல்காரர் படித்துக் காட்டினார். அசம்பாவிதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. உன் அக்கா செத்த பிறகு முதன்முதலில் வந்த பாதுகாப்பு அந்தப் போர்டுதான் மாப்பிள்ளை. மணியைக்கூட அதற்கப்புறம்தான் மாட்டினார்கள். போர்டு அதேதான், பெயிண்ட் மட்டும் புதுசாக அடித்திருக்கிறார்கள்.

நீ சொன்ன விளக்கு வரிசையும் இருந்தது. எல்லாம் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. அதன் மேல் யாரோ டேப் ஒட்டியிருந்தான், டேப்புக்குள்ளும் சிவப்பு தெரிந்தது. கொக்கி போடுகிற ஆள் அந்த நாற்காலியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தான். அதில் யாரோ வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் பை. பட்டன்காரனைப் பார்த்து அவன் சொன்னான்: "அது எப்பவும் அப்படித்தான். விடு."

பட்டனை அழுத்திவிட்டான்.

நான் கத்தினேன். நிறுத்துடா, நிறுத்துடா என்று வேலியைத் தாண்டினேன். உன் கேமரா வேலை செய்கிறது மாப்பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ராட்டினம் பாதி சுற்றுவதற்குள் நாலு பேர் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு ரூமில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். என் முகத்தை இனி அந்த வாசல் மறக்காதாம்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கிப் பையைத் தட்டிவிட்டுப் போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்றும் ஆகாததால் அந்த டேப்பை நாளைக்கும் யாரும் பிரிக்க மாட்டார்கள்.

வேலியைத் தாண்டியதில் நெஞ்சில் அடிபட்டு இருமல் வந்திருக்கிறது. நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

உன் அத்தான்
(கைநாட்டு)

*

மே 2

அன்புள்ள அத்தானுக்கு,

கண் முழுக்கப் போய்விட்டது. உதவிக்கு ஒருவர் இருந்து படித்துக் காட்டி, நான் சொல்வதை எழுதித் தருகிறார். ஆகையால் பழைய விஷயங்களை இனி எழுத வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சிவப்பு விளக்கு பற்றிப் பூங்காவுக்குப் போன் செய்து சொன்னேன். விளக்கில்தான் கோளாறு, கம்பியில் இல்லை என்றார்கள். தாங்கள் அங்கே கலாட்டா செய்தது எனக்குத்தான் அவமானம். என் உறவு என்று தெரிந்ததால்தான் போலீசுக்குப் போகவில்லையாம்.

வயதாகிவிட்டது நம் இருவருக்கும். அன்றைக்கு மேடையில் இருந்தவர்கள் யாரும் இன்று இல்லை. சாட்சி இல்லாத வழக்கை இன்னும் எத்தனை நாள் நடத்தப் போகிறீர்கள்? இனி நமக்குள் கடிதம் வேண்டாம்.

தங்கள்,
மைத்துனன்

இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா? ராத்திரியில் மூச்சு வாங்குகிறதா?

*

மே 10

மாப்பிள்ளைக்கு,

கண் போனது கேட்டுக் கஷ்டமாக இருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். உன் மேல் எனக்கு உள்ள ஆத்திரம் வேறு, உன் கண் வேறு.

கடிதம் வேண்டாம் என்றாய், சரி. இது கடைசி. உனக்கு எழுத வேண்டியது இதோடு முடிந்தது. இதற்கு மேல் உரக்கப் படிக்க வேண்டாம் என்று படிக்கிறவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் மாமாவின் கடிதத்தைத் தையல்காரர் கையில் கொடுத்ததும், தையல் பார்க்கிற கண்ணால் பார்த்துவிட்டு, "இது வேற கை. பொம்பளை எழுத்து" என்றார். படித்து முடித்து, "கையெழுத்துக்குக் கீழே இடுக்கி இடுக்கி ரெண்டு வரி இருக்குய்யா. இது உம்ம மச்சினன் சொன்னது இல்ல" என்றார். உன் மாமா என் இருமலைப் பற்றி என்றைக்குக் கேட்டிருக்கிறார்? மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர்கள்தான் மூச்சு வாங்குகிறதா என்று கேட்பார்கள். அந்த ரெண்டு வரியை நாலு தரம் படிக்கச் சொன்னேன். தையல்காரர் திட்டினார்.

மருந்து சாப்பிடுகிறேன்.

விசாரணையன்று உன்னை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினார்கள். அதிகாரி கையில் பிஸ்கட் கொடுத்து, "உங்க மாமா என்ன சொன்னாரு பாப்பா?" என்று கேட்டார். நீ மாமாவைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். "மாமா பேசவே இல்ல" என்றாய். பிஸ்கட்டைக் கடிக்கவில்லை. கடைசி வரை கையிலேயே வைத்திருந்தாய், உன் விரலெல்லாம் தூள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அப்பனைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள், இனி எந்த வீட்டில் தூங்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. குழந்தைக்கு அது தெரிய வேண்டி வந்ததே என்றுதான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. நீ கதவைத் திறக்காதபோதும் எனக்குப் புரிந்தது. என்னை வெறுக்கிறவள் கதவைத் திறந்து ரெண்டு வார்த்தை ஏசியிருப்பாள். நீ பின்னாலேயே நின்றாய்.

இத்தனை நாள் உன் மாமாவிடம் கெஞ்சியது எதற்கு? என் பேரைக் காப்பாற்ற இல்லை. அவர் சொல்லிவிட்டால், நீ சொல்ல வேண்டிய வேலை இருக்காதே என்றுதான். அவர் சொல்ல மாட்டார். அவருக்குக் கோபம் காட்டாதே, சோறு போடு, மாத்திரை கொடு. கண் இல்லாத ஆள்.

சாட்சி இல்லை என்கிறார். நான் கணக்குப் பார்த்துவிட்டேன். சங்கிலிக்கு எண்ணெய் போடுகிற மெக்கானிக் குடித்தே செத்தான். டிக்கெட் கிழிக்கிற அம்மாதான் ஜெயிலுக்கு வந்து, "உன் மச்சினன் விடுக்கான்னுதான்யா சொன்னான், என் காதால கேட்டேன், ஆனா வேலை போயிடும்" என்று அழுதாள். அவளும் மார்பில் கட்டி வந்து போய்விட்டாள். அடுத்த நாற்காலியில் இருந்த புதுமாப்பிள்ளை, பெண்டாட்டி ரெண்டு பேரும் பஸ் கவிழ்ந்து போனார்கள். உன் மாமா ஞாபகம் இல்லை என்கிறார், அவரை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டது பாதி வார்த்தை. முழு வார்த்தையையும் கேட்டவர்களில், மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு மேலே அம்மாவைப் பார்த்துக் கையாட்டிய ஒரே ஒரு ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். உருண்டையாகப் பிறந்ததால் அவளுக்கு நாங்கள் வைத்த பேரை அவள் அம்மாவுக்குப் பிறகு யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பட்டாணி.