தோற்ற பிறகும் கூட்டத்துக்கு வந்தீர்

வண்ணார்பேட்டையில் இன்று ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அடியில் பழைய கட்சிப் பெயர் மங்கலாகத் தெரிந்தது. புதுப் பெயர் எழுத ஆள் காத்திருந்தார். அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனையில் உம்முடைய பல்கேரியா நினைவுக்கு வந்தது.

ஆராய்ச்சிக்காக நீர் அங்கே இருந்தபோதுதான் ஒற்றைக் கட்சி ஆட்சி விழுந்தது. எதிர்த்தவர்கள் எல்லாரும் ஒரே அணியாகத் திரண்டார்கள். ஆனால் ஆண்ட கட்சியே பெயரை மாற்றிக்கொண்டு முதல் தேர்தலில் ஜெயித்தது. "ஊருக்கு ஊரு அவங்களுக்கு ஆபீஸ் இருந்துச்சு வே, ஆளு இருந்துச்சு. புதுசா வந்தவங்ககிட்ட கோபம் மட்டுந்தான் இருந்துச்சு," என்று பாளையங்கோட்டைக் கல்லூரியின் ஆசிரியர் அறையில் சொன்னீர். இருவரும் அரசியல் பாடம்தான் நடத்தினோம். நான் படித்ததை நீர் நேரில் பார்த்திருந்தீர்.

நம் ஆசிரியர் சங்கத்திலும் அப்படி நடக்கும் என்று நினைக்கவில்லை. நாம் வேலைக்குச் சேருமுன்பிருந்தே ஒருவரே தலைவராக இருந்தார். எதிர்த்து நிற்க ஆளில்லாமல் இருந்தது. நீர் நின்றீர். அதிருப்தியில் இருந்த எல்லாரும் உம்மோடு சேர, ஜெயித்தீர். ஒரு வருடம் தாங்கவில்லை. பதவி உயர்வு கேட்டவர்கள் ஒரு பக்கம், தற்காலிக ஆசிரியர்களுக்காகப் பேசியவர்கள் ஒரு பக்கம் என்று அணி உடைந்தது. "அவர எதிர்க்கத்தான் கூடினோம். எதுக்காகன்னு யாரும் பேசவே இல்லியே," என்றீர்.

அடுத்த தேர்தலில் பழைய தலைவர் தன் அணிக்குப் புதுப் பெயர் வைத்து, சேரன்மகாதேவி வரைக்கும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். கொஞ்ச ஓட்டில் தோற்றீர். எண்ணிக்கை சரியில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி நம் ஆட்கள் நச்சரித்தார்கள். நீர் மேடையேறி, அவர் கையைப் பிடித்துத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தீர்.

"எதுக்குவே இப்படிச் செஞ்சீரு?" என்று வெளியே வந்ததும் சத்தம் போட்டேன்.

"எண்ணும்போது நானும் நின்னேன். சரியாத்தான் எண்ணுனாவ. பல்கேரியாவுல பாத்ததத்தான் சொல்லுதேன். கட்சி உடையும், சேரும், பேரு மாறும். அதெல்லாம் கிடக்கட்டும். ஆளுதவன் தோத்தா எந்திரிச்சுப் போகணும். அதப் பழகத்தான் நாளாகும்."

பதவியை விட்டுப் போனீரே தவிர, கூட்டத்தை விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, தற்காலிக ஆசிரியைகளுக்குப் பேறுகால விடுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டீர். தலைவர் முதலில் எரிந்து விழுந்தார். பிறகு பதிலோடு வர ஆரம்பித்தார். கடைசியில் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அதை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

நெஞ்சுவலியில் நீர் போன அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு முடிந்து என்னைத் தனியே கூப்பிட்டார். "அவர் போனப்புறம் கூட்டத்துல யாரும் ஒண்ணும் கேக்கல சார். நான் பாட்டுக்குப் பேசிட்டு வந்தேன்," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன மாதம் ஓய்வூதியர் சங்கத் தேர்தலில் நான் தோற்றேன். ஜெயித்தவருக்குக் கை கொடுத்தபோது மனசு ஆறவில்லைதான். ஞாயிற்றுக்கிழமை அவருடைய முதல் கூட்டம். மருத்துவக் காப்பீட்டு அட்டை பாதிப் பேருக்கு இன்னும் வரவில்லை. அதைக் கேட்க வேண்டும். போகிறேன்.