விரோதமுண்டோ

மட்டாஞ்சேரி
8.6.2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

அண்ணா வெங்கிடராமன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் உன் மன்னியும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று நானே தீர்மானித்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். கேட்டால் நீ சொல்லவா போகிறாய்? போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று அதிதி சொன்னாள். காக்கநாட்டில் குடித்தனம் போட்டிருக்கும் என் பெண்ணோடு மாதம் இரண்டு தடவை பேசுகிறாய், பெற்றவனோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. தபால்காரரைத் தடுக்க முடியாது என்ற தைரியத்தில் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் மேல் பாலம் வரப்போகிறது. காரும் ஆட்டோவும் போகாத பாலம், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். படகோட்டி பிச்சையின் வஞ்சி நின்றுபோனதிலிருந்து அக்கரைக்குப் போக இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது. வஞ்சியில் சைக்கிளைப் படுக்கப் போட்டு, அது தண்ணீரில் சரிந்துவிடாமல் நீ ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சைக்கிளுக்கு ஜலதோஷம் பிடிக்கும், போர்த்திவிடு என்று பிச்சை உன்னைக் கேலி செய்வானாம்.

பாலம் எப்படி இருக்க வேண்டும் என்று ஜனங்களைக் கேட்டுத்தான் செய்வார்களாம். பள்ளிக்கூட ஹாலில் மூன்று கூட்டம் நடந்துவிட்டது. கமிட்டிக்கு நான்தான் கன்வீனர். நிகில் என்று ஒரு இன்ஜினீயர், மேஜை முழுக்க வரைபடத்தை விரித்து, ஆளுக்கு நாலு வண்ணப் பொட்டு கொடுத்தார். எங்கே கஷ்டமோ அங்கே சிவப்பு ஒட்ட வேண்டும், எங்கே நிழல் வேண்டுமோ அங்கே பச்சை. ஒரு மணி நேரத்தில் மட்டாஞ்சேரிக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஆட்டோக்காரர்கள் ஆட்டோ போகிற அகலம் கேட்டார்கள். வள்ளக்காரர்கள் ஓதம் ஏறித் தண்ணீர் உயரும்போதும் வள்ளம் இடிக்காத உயரம் கேட்டார்கள். படிக்கட்டு கூடாது, சரிவுப் பாதைதான் வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டது யார் தெரியுமா? உன் சிநேகிதி ஷபானா. அக்கரையில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். முழங்கால் போய்விட்டது, கம்பு ஊன்றி வருகிறாள். "படி வச்சா எனக்கு அது பாலமில்ல அண்ணா, மதில்" என்றாள். ஹால் முழுக்கக் கை தட்டியது.

அவள் கேட்டது நியாயம். ஆனால் ஓர் அடி ஏறுவதற்கு இருபது அடி நீளம் வேண்டுமாம். நம் கரையில் அந்த நீளத்துக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. நம் வீட்டுப் பின்புறம் படகுக் கடவை ஒட்டிக் கிடக்கும் நீளத் துண்டு. அப்பாவுக்குப் பிறகு அது உன் பேரிலும் என் பேரிலும் சேர்ந்து இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டாயிற்று. உன்னுடையது ஜூலை முப்பத்தொன்றுக்குள் வராவிட்டால் இருபத்தேழு படிதான். எங்கள் செயலாளர் கமலாக்ஷி டீச்சர் எழுதிய படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒரே கேள்வி. மலையாளம் மறந்திருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாய்.

மழை பிடித்துக்கொண்டது. பாலத்தைச் சாக்காக வைத்தாவது உன்னை வந்து போகச் சொல்லி எழுதும்படி மன்னி சொல்கிறாள்.

உன் அண்ணா,
வெங்கிடராமன்


மட்டாஞ்சேரி
24.6.2025

அன்புள்ள ஜெயா,

உன் கவர் வந்தது. உள்ளே கடிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று ஊதிக்கூடப் பார்த்தேன். படிவம் மட்டும்தான். "ஈ ஸ்தலம் பாலத்தினு விட்டுகொடுக்குந்நதில் விரோதமுண்டோ?" என்று டீச்சர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே நீ முத்து முத்தான மலையாள எழுத்தில் "உண்டு" என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறாய்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருஷம் திருச்சியில் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று மன்னியிடம் சொன்னேன். அசடே, இங்கே விரோதம் என்றால் பகை இல்லை, ஆட்சேபணை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டால் "விரோதமில்லா" என்பார்களே, அந்த விரோதம். நீ அதைத் தமிழ் விரோதமாகப் படித்து, அண்ணா மேல் உண்டு என்று பதில் எழுதிவிட்டாய்.

ஆனால் கமிட்டியில் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அதைக் கூட்டத்தில் வாசித்தார். இடத்தின் சொந்தக்காரிக்கு ஆட்சேபணை என்று புத்தகத்தில் ஏற்றியாயிற்று. நிகில் படிக்கட்டு வரைபடத்தை மறுபடியும் வெளியே எடுத்துவிட்டார். ஷபானா எழுந்தாள். சாயாகூடக் குடிக்காமல் கம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

அதிதி கல்யாணத்தில் நான் பேசியதற்குத்தான் இன்னும் கோபமா? சம்பந்தி வீட்டார் முன்னால் பழைய கதையை எடுத்தது தப்புதான். நீ சைக்கிள் விட்டதை அப்பாவிடம் போட்டுக்கொடுத்தவன் நான்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ பந்தியிலிருந்து எழுந்து போனாய். ஏதோ ஒரு காலத்துச் சைக்கிளுக்காகக் கூடப்பிறந்தவனோடு இப்படியா? புதுப் படிவம் வைத்திருக்கிறேன். சரியாகப் பார்த்து எழுதி அனுப்பு.

உன் அண்ணா,
வெங்கிடராமன்


திருச்சி
30.6.2025

திரு. வெங்கிடராமன் அவர்களுக்கு,

மலையாளம் எனக்கு மறக்கவில்லை. பத்தாம் வகுப்பில் அந்தப் பாடத்தில் உங்களைவிட எனக்குத்தான் மார்க் அதிகம். டீச்சரின் கேள்வி நன்றாகப் புரிந்துதான் பதில் எழுதினேன். நீங்கள் சொல்லும் இரண்டு விரோதத்துக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது, ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

சைக்கிளுக்காக என்கிறீர்கள். நானே சொல்கிறேன், எதற்காக என்று.

எண்பத்தைந்தில் நானும் ஷபானாவும் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருந்தோம். எங்களில் நல்ல மார்க்கில் தேறுகிறவளுக்குச் சுக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை என்று மானேஜர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமைகளில் மட்டும் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, வீட்டார் மத்தியானம் தூங்கும் நேரம் பார்த்து வாடகைச் சைக்கிளை வஞ்சியில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவோம். அங்கே பண்டகசாலை முற்றத்தில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சுக்குத் தூசியில் தும்மிக்கொண்டே விடுவேன். ஷபானா சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவருவாள். நான் விழுந்தால் அவள்தான் முதலில் அழுவாள். அப்புறம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரிப்போம். அந்த மாதிரி நான் அதற்குப் பிறகு சிரித்ததே இல்லை. வீடு, வாசல், குழந்தைகள் எல்லாம் நல்லபடியாகவே அமைந்தன. ஆனாலும் அந்தச் சிரிப்பு வரவில்லை.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பும் நின்றது, பரீட்சையும் நின்றது. வேலை ஷபானாவுக்குப் போயிற்று. யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். பிச்சைக்கு அப்பாவைக் கண்டாலே நாக்கு குழறும். மீதி இருந்தது அவள் ஒருத்திதான். வேலைக்காக என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். வாசலுக்கு வந்து கூப்பிட்டாள், நான் போகவில்லை. என் கல்யாணத்துக்கு அவளை அழைக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் அவளைத் துரோகி என்றே நினைத்து வாழ்ந்தேன். நீங்கள் இலையில் பாயசத்தை வைத்துக்கொண்டு சிரித்தபோதுதான் அது அவள் இல்லை என்று தெரிந்தது.

இரண்டு வருஷமாக அவளுக்குக் கடிதம் எழுத உட்காருகிறேன். அன்புள்ள ஷபானா என்பதைத் தாண்ட முடியவில்லை.

கையெழுத்து வேண்டுமானால் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். கூட்டத்தில் வேண்டாம், ஹாஸ்யமாகவும் வேண்டாம். அவள் வீட்டில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அதற்கு அவள் என்ன சொன்னாளோ அதை ஒரு வார்த்தை குறைக்காமல் எனக்கு எழுத வேண்டும். படிவத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஜெயலக்ஷ்மி கல்யாணராமன்


மட்டாஞ்சேரி
9.7.2025

அன்புள்ள ஜெயா,

நேற்று சாயங்காலம் ஷபானா வீட்டுக்குப் போனேன். அதற்கு முன்பே போயிருக்கலாம். முதல் நாள் மழை என்று இருந்துவிட்டேன், மறுநாள் மன்னிக்குக் கால்வலி, மூன்றாம் நாள் எனக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை.

கூடத்தில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பாலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து, படிவம் வராவிட்டாலும் பரவாயில்லை, ஜெயாவைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றாள். 

எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கே சொல்லாத ஒன்றையும் சொன்னேன். எங்கள் ஆபீஸ் மாடியிலிருந்து பார்த்தால் கடவு தெரியும். நீ வஞ்சியில் சைக்கிளோடு போவதை எல்லாரும் பார்த்தார்கள். தங்கை சைக்கிளில், அண்ணன் பஸ்ஸில் என்று ராகம் போட்டுப் பாடினார்கள். எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது ஜெயா, இன்றுவரை தெரியாது. குடும்ப மானம் அது இது என்று அப்பாவிடம் நான் சொன்னதெல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருந்தது பொறாமை.

அவள் கொக்கியைக் கீழே வைத்தாள். மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னதை நீ கேட்டபடியே எழுதுகிறேன்.

"அந்த வேல அவளுக்கு உள்ளதுன்னு எனக்குத் தெரியும் அண்ணா. நான் அத எடுத்ததுனாலதான் கோவம்னு நெனச்சேன். மூணு மாசம் வேலைக்குப் போனேன். வஞ்சி எறங்கி ஒங்க ஜன்னலத் தாண்டித்தான் கம்பெனிக்குப் போகணும். தெனமும் என்னக் கண்டா அவ ஜன்னலச் சாத்துவா. நாலாம் மாசம் வேலைய விட்டேன். விட்டா அவ தெறப்பான்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த வேலையில் நீடித்திருந்தால் இன்று பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள், இந்த மங்கிய கண்ணையும் முழங்காலையும் வைத்துக்கொண்டு மெஷின் மிதிக்க வேண்டியிருந்திருக்காது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கம்பை ஊன்றி வாசல்வரை வந்து, மழை வருகிறது, பார்த்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பினாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சைக்கிளுக்காகவா என்று உனக்கு எழுதினேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படிவம் இதோடு இருக்கிறது. மறுபடியும் உண்டு என்று எழுதினாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். வெறும் கையெழுத்துக்காக மட்டும் இத்தனை கடிதம் எழுதியதாக நினைக்காதே. நீ என்னோடு பேச வேண்டும் ஜெயா. அறுபத்தாறு வயதில் எனக்கு மிச்சமிருக்கும் கூடப்பிறப்பு நீ ஒருத்திதான்.

அண்ணா


திருச்சி
16.7.2025

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதத்தை முதல் தடவை நானே படித்தேன். இரண்டாம் தடவை இவரைப் படிக்கச் சொன்னேன். ஜன்னல் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஜன்னலைச் சாத்தியது நிஜம். அந்த நேரத்தில் நீ ஆபீஸில் இருப்பாய், உனக்கு அது தெரிய வழியில்லை. அதனால் அவள் சொன்னதை நீ கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். போட்டுக்கொடுத்தவன் நீ, சரி. ஆனால் மூன்று மாதம் அவள் என் கண்ணெதிரே நடந்து போனாள். "ஏண்டி அப்படிச் செய்தாய்" என்று ஒரே ஒரு நாள் நான் கேட்டிருந்தால், "நான் செய்யலையே" என்று சொல்லியிருப்பாள். கேட்காமல் இருந்தது நான்தானே. உன்னை மட்டும் திட்டினால் எனக்கு இது தீராது.

நேற்று அவளுக்கு எழுதி முடித்துவிட்டேன், ஆறு பக்கம். அந்தக் கவரிலேயே படிவத்தையும் வைத்தேன். ஆட்சேபணை இல்லை என்று மலையாளத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறேன். அதை உனக்கு அனுப்பாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அடுத்த கூட்டத்தில் அவள் தன் கையால் டீச்சரிடம் கொடுப்பாள். முன் வரிசையில் அவளுக்கு ஒரு நல்ல நாற்காலி போட்டு வை.

பொதுஜன அபிப்பிராயம் கேட்கிறார்களே, என்னுடையதையும் நிகிலிடம் சொல். சரிவு முடிகிற இடத்தில் நம் துண்டு கொஞ்சம் மிஞ்சும். அதைச் சமதளமாக விட்டுவிடச் சொல். புதிதாகச் சைக்கிள் பழகும் பெண்களுக்கு விழ ஓர் இடம் வேண்டும்.

ஆவணியில் வருகிறேன். பாலம் கட்டி முடிகிறவரை காத்திருக்க என் உடம்பும் ஷபானாவின் உடம்பும் இடம் கொடுக்காது. அக்கரையில் ஷபானா வீட்டில்தான் தங்குவேன், அவள் சரி என்றால். மன்னி வருத்தப்பட வேண்டாம், மன்னியைப் பார்க்காமல் போக மாட்டேன்.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டே பேசலாம் என்று தோன்றுகிறது. பேசாமல் இருந்து பார்த்தாயிற்று அண்ணா. அதில் ஒருத்தியின் வேலை போனதுதான் மிச்சம்.

உன் தங்கை,
ஜெயா